பீத்தோவன் படத்தை ஒன்பது வயதுக் குழந்தைக்குக் காட்டலாமா?

காட்டலாம். ஒன்பது வயது அதற்குச் சரியான வயதுதான். ஆனால் படத்தைப் போட்டுவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படம், பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். நடுவில் உங்கள் மகள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் படம் பதில் சொல்லாது.

கேள்வி இதுதான். பெரம்பூரில் இருக்கிறீர்கள். மகள் கீபோர்டு கற்கிறாள், கூடவே தெருக்கோடி மாமியிடம் பாட்டும். கீபோர்டு ஆசிரியர், மேற்கத்திய இசைமேதை பீத்தோவனைப் பற்றிய 'பீத்தோவன் லிவ்ஸ் அப்ஸ்டேர்ஸ்' (பீத்தோவன் மாடியில் குடியிருக்கிறார்) படத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார். படத்தில் பீத்தோவன் போடும் சத்தத்தில் குழந்தை பயந்துவிடுமா, காட்டுவதெல்லாம் உண்மையில் நடந்ததா, நம்ம தியாகராஜருக்கும் தீட்சிதருக்கும் ஏன் இப்படி ஒன்று இல்லை, கிரேடு பரீட்சைக்கு உதவுமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம்: உதவாது. பரீட்சையில் ஸ்கேல் வாசிக்கச் சொல்வார்கள், பீஸ் வாசிக்கச் சொல்வார்கள். பீத்தோவன் எந்த மாடியில் குடியிருந்தார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

படம் 1992-ல் கனடாவில் எடுத்தது, தொலைக்காட்சிக்காக. இயக்கியவர் டேவிட் டிவைன், பீத்தோவனாக நடித்தவர் நீல் மன்ரோ. அதற்கு முன்பே சூசன் ஹாமண்டின் 'கிளாசிக்கல் கிட்ஸ்' வரிசையில் ஒலிநாடகமாக வந்த கதைதான் இது. எழுதியவர் பார்பரா நிக்கல். படத்துக்கு 1993-ல் எம்மி விருதும் கிடைத்தது. 1820-களின் வியன்னாவில் கதை நடக்கிறது. கிறிஸ்டோஃப் என்ற பத்து வயதுப் பையனுக்கு அப்பா இறந்துவிடுகிறார். வீட்டுச் செலவுக்காக அம்மா மாடியை வாடகைக்கு விடுகிறாள். குடிவருகிறவர் காது கேளாத, சிடுசிடுத்த, தலை வாராத ஒரு மனிதர். பையனுக்கு முதலில் அவரைக் கண்டாலே ஆகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, கடைசியில் அவருடைய ஒன்பதாவது சிம்பொனி (பெரிய வாத்தியக் குழு வாசிக்கும் நீண்ட படைப்பு) அரங்கேறும் இரவுக்கு வந்து சேர்கிறான்.

நான் மயிலாப்பூரில் பல வருடமாகக் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். இசை மேதைகளைப் பற்றிக் குழந்தைகளுக்கென்று வரும் படங்களும் புத்தகங்களும் பெரும்பாலும் பிறப்பில் தொடங்குகின்றன. இன்ன ஊரில் பிறந்தார், நாலு வயதில் வாசித்தார், ராஜா பாராட்டினார். நாலாவது நிமிடத்தில் குழந்தை கொட்டாவி விடுகிறது. இந்தப் படம் புகாரில் தொடங்குகிறது. மேலே ஒருவர் இருக்கிறார், தூங்க விடமாட்டேன் என்கிறார். அந்தப் பையனுக்கு இசை முதலில் கூரை வழியாக இறங்கி வரும் தொந்தரவு. சென்னை அடுக்குமாடியில் வளரும் குழந்தைக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு நாற்காலி இழுக்கும் மேல்வீட்டுக்காரரைப் பற்றி அதற்கே ஒரு கருத்து உண்டு. தொந்தரவாக வந்த சத்தம் எப்போது சங்கீதமாக மாறுகிறது என்பதைப் படம் ஒரு இடத்திலும் வாய்விட்டுச் சொல்லாமல் காட்டுகிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்புறம் உண்மை எது, கற்பனை எது என்ற கேள்வி.

கிறிஸ்டோஃப் என்று ஒரு பையன் இல்லை, கற்பனை. பீத்தோவன் வியன்னாவில் அறுபதுக்கும் மேற்பட்ட முறை வீடு மாறினார் என்று கணக்குச் சொல்வார்கள். ஒன்பதாவது சிம்பொனியை எழுதி முடித்த சமயத்தில் உங்கர்காஸே என்ற தெருவில் குடியிருந்தார். வேலை செய்துகொண்டிருக்கும்போதே கையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டிக்கொள்வார், அது தரையில் தேங்கிக் கீழ்வீட்டுக்கு ஒழுகும் என்பதும், ஒரு கோப்பைக் காப்பிக்குச் சரியாக 60 கொட்டை எண்ணிப் போடுவார் என்பதும் அவருடைய உதவியாளர் ஆன்டன் ஷின்ட்லர் எழுதிவைத்தவை. இந்த ஷின்ட்லர் கொஞ்சம் விவகாரமான ஆள். பீத்தோவன் இறந்த பிறகு அவருடைய உரையாடல் நோட்டுகளில் தானே புதிதாக வரிகளைச் சேர்த்து, தனக்கும் அவருக்கும் இருந்த நெருக்கத்தை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார் என்று 1970-களில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே 60 கொட்டைக்குச் சத்தியம் பண்ண வேண்டாம். காப்பிப் பைத்தியம் என்பதில் சந்தேகமில்லை, நம்ம ஊர்க்காரர் மாதிரி. பியானோவின் கால்களை அறுத்துவிட்டுத் தரையில் வைத்து வாசித்தார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நல்ல கதை, அவ்வளவுதான்.

அந்த உரையாடல் நோட்டுகள் நிஜம். 1818 வாக்கில் காது மிகவும் மோசமானபோது, பேச வருகிறவர்கள் கையில் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்துவிடுவார். ஏறக்குறைய 140 நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. வந்தவர் எழுதிக் கேட்பார், பீத்தோவன் பெரும்பாலும் வாயால் பதில் சொல்லிவிடுவார். அதனால் நோட்டைப் புரட்டினால், வீட்டில் ஒருவர் போனில் பேசும்போது ஒரு பக்கத்தை மட்டும் கேட்கிற கதைதான். கேள்வி இருக்கும், பதில் இருக்காது. படம் பார்த்த மறுநாள் இதை ஒரு விளையாட்டாகவே நடத்தலாம். அரை மணி நேரம் அம்மாவிடம் எழுதித்தான் பேச வேண்டும். குழந்தைக்குப் பத்தாவது நிமிடத்திலேயே கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் வந்ததும், மாடியில் இருந்தவர் ஏன் அப்படிக் கத்தினார் என்பது தானாகப் புரிந்துவிடும்.

கிறிஸ்டோஃப் கற்பனை என்று சொன்னேன். ஆனால் கிட்டத்தட்ட அவனைப் போலவே நிஜமாக ஒரு பையன் இருந்தான், படத்தைவிட எனக்கு அவன் கதைதான் நெருக்கம். பெயர் கெர்ஹார்ட் ஃபான் ப்ராய்னிங். பீத்தோவனின் பழைய நண்பர் ஸ்டெஃபானின் மகன், 1813-ல் பிறந்தவன். 1825-ல் பீத்தோவன் இவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஷ்வார்ஸ்பானியர் மாளிகைக்குக் குடிவந்தார். அப்போது கெர்ஹார்டுக்கு 12 வயது. எப்போது பார்த்தாலும் ஒட்டிக்கொண்டே திரிந்ததால் 'கால்சட்டைப் பொத்தான்' என்று செல்லமாகக் கூப்பிட்டார். கடைசி மாதங்களில் அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, லண்டனிலிருந்து இசையமைப்பாளர் ஹாண்டலின் படைப்புகள் கட்டுக்கட்டாகப் பரிசாக வந்தன. அந்தக் கனமான தொகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்தவன் இந்தப் பையன்தான். மூட்டைப்பூச்சி அவரைத் தூங்க விடுவதில்லை என்று கேள்விப்பட்டு, விரட்ட ஏதாவது கொண்டு வருகிறேன் என்று நோட்டில் எழுதியிருக்கிறான். உலகமே வியந்த மனிதரிடம் ஒரு பையன் பேசிய விஷயம் மூட்டைப்பூச்சி! பிற்காலத்தில் டாக்டராகி, 1874-ல் அந்த நாட்களைப் புத்தகமாகவும் எழுதினான். "அந்தப் பையன் பொய்யா அம்மா?" என்று உங்கள் மகள் முகம் வாடினால், கெர்ஹார்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

படம் தொடாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. பீத்தோவனின் தம்பி மகன் கார்ல். அவனுடைய பொறுப்பு யாருக்கு என்று அவன் தாயுடன் வருடக்கணக்கில் கோர்ட்டு வழக்கு நடத்தினார், அந்தப் பையன் 1826-ல் தன்னையே சுட்டுக்கொள்ளப் பார்த்தான். பிழைத்துவிட்டான். ஒன்பது வயதுக்கு இது தேவையில்லை, விட்டது சரி. பெரியவளாகித் தானே படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும். அதுவரை 'ரொம்ப நல்லவர், வெளியில்தான் முரடு' என்று நீங்களாக ஒரு சர்டிபிகேட் கொடுக்காமல் இருந்தால் போதும்.

பயப்படுமா என்றால், என்னிடம் படிக்கிறவர்களில் பயந்த குழந்தைகள் குறைவு, சிரித்தவர்கள்தான் அதிகம். எனக்கு அந்தச் சிரிப்புதான் கொஞ்சம் சங்கடம். காது கேளாதவர் தப்பாகப் புரிந்துகொள்வதைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தை நம்முடைய சினிமா காமெடிகள் நன்றாகவே வளர்த்துவிட்டிருக்கின்றன. சிரித்தால் திட்ட வேண்டாம். 1802-ல் ஹைலிகன்ஷ்டாட் என்ற கிராமத்தில் அவர் தம்பிகளுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அப்போது அவருக்கு 31 வயது. பக்கத்தில் நின்றவருக்குத் தூரத்தில் புல்லாங்குழல் கேட்டதாம், இவருக்குக் கேட்கவில்லை. ஆட்டிடையன் பாடியது அவருக்குக் கேட்டது, இவருக்கு அதுவும் இல்லை. 'எனக்குக் காது கேட்காது, உரக்கப் பேசுங்கள்' என்று ஊராரிடம் சொல்லக் கூசினேன், அதனால்தான் என்னைச் சிடுமூஞ்சி என்று நினைத்தார்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகுதான் அந்தக் கடிதம் மற்றவர்கள் கண்ணில் பட்டது.

அடுத்து கட்டாயம் வரும் கேள்வி: "காதே கேட்காமல் எப்படிப் பாட்டு எழுத முடியும்?" இதற்கு உங்கள் மகளின் பாட்டு மாமி நல்ல பதில் வைத்திருப்பார். அவளுக்குத் தெரிந்த சரளி வரிசை ஒன்றைத் தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கள். பாதியில் நீங்கள் கையைத் தூக்கினால் வாயை மூடிவிட வேண்டும், தாளம் மட்டும் நிற்கக் கூடாது, வரிசை மனசுக்குள் ஓட வேண்டும். இறக்கினால் மறுபடி வாய்விட்டுப் பாட வேண்டும். சரியான இடத்தில் சரியான சுரத்தில் வந்து சேர்ந்துவிட்டாள் என்றால், நடுவில் அவளுக்கு எது கேட்டது? அந்தக் காது பீத்தோவனுக்குக் கடைசிவரை கெடவில்லை. ஏன் செவிடானார் என்று கேட்டால், மருத்துவர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 2023-ல் அவருடைய தலைமுடியிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தார்கள். கல்லீரல் நோய்க்கான காரணங்கள் கிடைத்தன, காதுக்குக் கிடைக்கவில்லை.

அரங்கேற்றக் காட்சிக்கு வருவோம். 1824 மே 7, வியன்னாவின் கார்ன்ட்னர்டோர் தியேட்டர். முழுமையான ஒத்திகை இரண்டே இரண்டு நடந்ததாகச் சொல்வார்கள். பீத்தோவன் மேடையில் நின்று கையை வீசிக்கொண்டிருந்தார், ஆனால் உண்மையில் நடத்தியவர் மிகாயேல் உம்லாஃப். வாத்தியக்காரர்களிடம் அவரைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கைதட்டல் அரங்கத்தை உலுக்கியபோதும் பீத்தோவன் வாத்தியக்காரர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாடகி கரோலின் உங்கர் அவரைச் சபையைப் பார்க்கத் திருப்பினார். நடுவில் ஒரு பகுதி முடிந்தபோதா, கடைசியிலா என்பதில் பார்த்தவர்களே வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள். திருப்பியது நிஜம். படம் சொல்லாத பின்கதை: வசூலில் செலவு போகக் கையில் மிஞ்சியது சொற்பம். பீத்தோவன் ஷின்ட்லர் மீதே சந்தேகப்பட்டுச் சண்டை போட்டார். இரண்டு வாரம் கழித்து நடந்த இரண்டாவது கச்சேரிக்குப் பாதி அரங்கம் காலி. டிசம்பர் சீசனில் மத்தியானக் கச்சேரி பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஏன் இப்படி ஒரு படம் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். சங்கீத மும்மூர்த்திகளைப் பற்றிப் படங்கள் வந்திருக்கின்றன, நாடகங்களும் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் அவர்கள் மகான்கள். மகானுக்குக் கீழ்வீடு கிடையாது, கீழ்வீட்டில் தூக்கம் கெட்ட பையனும் கிடையாது. நாம் பார்ப்பது எஸ். ராஜம் வரைந்த அந்தச் சாந்தமான முகங்களைத்தான். குழந்தை கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். இத்தனைக்கும் இவர்கள் பீத்தோவன் காலத்து ஆட்கள். பீத்தோவன் 1770–1827. தியாகராஜர் 1767–1847. முத்துசுவாமி தீட்சிதர் 1775–1835. சியாமா சாஸ்திரி இறந்ததும் அதே 1827-ல், சில வாரங்கள் முன்னால்.

சென்னையிலேயே இதற்கு ஒரு கதை தயாராகக் கிடக்கிறது. இன்றைக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று மட்டும் நமக்குத் தெரிந்த மணலியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும்) இருந்த முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் சில காலம் தங்கியிருந்தது. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பதை அண்ணன் தம்பிகள் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டார், இன்று நம் கச்சேரி மேடையில் வயலின் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். முத்துசுவாமி தீட்சிதர் அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டு சுரங்கள், நாற்பது வரை இருக்கின்றன. உங்கள் மகள் 'சக்தி ஸஹித கணபதிம்' ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. 'சியாமளே மீனாக்ஷி'யைப் பாடிக் காட்டுங்கள், 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

'சந்ததம் பாஹிமாம்' என்ற நோட்டு சுரம் இங்கிலாந்தின் 'காட் சேவ் த கிங்' மெட்டில் அமைந்தது. அதே மெட்டை எடுத்து 1803-ல் பீத்தோவன் பியானோவுக்கு ஏழு வேரியேஷன் எழுதியிருக்கிறார். ஒருவர் கோட்டை பேண்டில் கேட்டு சியாமளாவைப் பாடினார், இன்னொருவர் வியன்னாவில் பியானோவில் அதை ஏழு விதமாகத் திருப்பிப் பார்த்தார். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இன்னொன்றும் உண்டு: பீத்தோவன் 1813-ல் 'வெலிங்டனின் வெற்றி' என்று ஒரு ஆரவாரமான போர்ப் படைப்பு எழுதினார் (சுமார் ரகம்தான், அவருக்கே தெரிந்திருக்கும்). அதிலும் இதே மெட்டு வரும். அந்த வெலிங்டன் என்ற பிரிட்டிஷ் தளபதி, ஆர்தர் வெல்லெஸ்லியாக நம்முடைய செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் குடியிருந்தவர். அவர் பெயரில் ஒரு கட்டிடம் பாதி இடிந்த நிலையில் இன்னும் கோட்டைக்குள் நிற்கிறது. மணலி வீட்டில் எடுபிடி வேலை செய்யும் ஒரு பத்து வயதுப் பையன், தீட்சிதர் சகோதரர்களோடு கோட்டைக்குப் போகிறான், பேண்டைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறான் என்று யாராவது படம் எடுத்தால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

படம் முடிந்த கையோடு ஒன்பதாவது சிம்பொனியை முழுசாகப் போடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், பெரியவர்களே நெளிவார்கள். நாலாவது பகுதியில் அந்தப் பிரபலமான மெட்டு முதல்முறை வரும் இடத்திலிருந்து போடுங்கள். செல்லோக்களும் டபுள் பேஸ்களும் மட்டும், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், மெதுவாகத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் மேலே மேலே வாத்தியங்கள் சேரும், கடைசியில் டிரம்பெட்டோடு முழு வாத்தியக் குழுவும் வாசிக்கும். யார் எப்போது சேர்ந்தார்கள் என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். இன்னொரு நாள் ஆறாவது சிம்பொனியின் இரண்டாவது பகுதியின் முடிவு. புல்லாங்குழலில் நைட்டிங்கேல், ஓபோவில் காடை, கிளாரினெட்டில் குயில். அதிலேயே இடியும் மழையும் வரும் நாலாவது பகுதி இருக்கிறது, நவம்பர் மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.

கடைசியாக அவள் கீபோர்டுக்கு. ஒன்பதாவது சிம்பொனியின் அந்த மெட்டு சங்கராபரணச் சுரங்களில் அடங்கிவிடும். 'க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி' என்று பாட்டு மாமியே பாடிக் காட்டிவிடுவார். ஆதி தாளம் போட்டால் சொன்னபடி உட்காரும், மேற்கத்திய நொட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு 'பார்'களுக்கு ஓர் ஆவர்த்தனம். மூன்றாவது வரியின் கடைசியில் 'ஸ ரி' முடிந்து மந்தர பஞ்சமத்துக்கு ஒரு குதி. அதற்கு அடுத்து நாலாவது வரியின் 'க' சமத்துக்கு (தாளத்தின் முதல் தட்டுக்கு) காத்திருக்காமல் ஒரு அட்சரம் முன்னாலேயே வந்து விழும். நம் கணக்கில் அதீத எடுப்பு. மெட்டின் உயிரே அந்த ஒரு அவசரத்தில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கான கீபோர்டு புத்தகங்கள் பலவற்றில் சுலபமாக இருக்கட்டும் என்று அதைச் சமத்துக்கே தள்ளி நேராக்கிவிட்டிருப்பார்கள். மகளின் புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைப் பாருங்கள். நேராக்கியிருந்தால், எழுதியபடியே சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். ஒன்பது வயதுக்கு அது வரும்.